ஒரு மாதத் தொண்டும் ஓராண்டு மருந்தும்

தேனி மாவட்டம் ஆண்டிபட்டியிலுள்ள ‘ஆரோக்கிய அகம்’ தொழுநோய்ச் சிகிச்சையில் தொடங்கிய தொண்டு நிறுவனம். பிறகு காசநோய், எச்.ஐ.வி. என்று அதன் வேலை விரிந்தது. பிரிட்டனிலிருந்து உதவியும் வந்தது. சம்பளம் வாங்காமல் அயல்நாட்டு ஏழைகளின் ஆஸ்பத்திரிக்கு வந்து உழைக்கும் மருத்துவரையும் செவிலியரையும் எடைபோட, இந்த மூன்று நோய்களையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன்.

தொழுநோய்க்குக் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981-இல். இன்று கிருமி குறைந்த வகைக்கு 6 மாதம், மிகுந்த வகைக்கு 12 மாதம் மருந்து. காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம். எச்.ஐ.வி.க்கு ஆயுள் முழுக்க. ஒரு மாத விடுப்பில் வருகிறவரால் இந்த நோயாளிகளில் ஒருவரைக்கூட முதல் மாத்திரையிலிருந்து கடைசி மாத்திரை வரை பார்க்க முடியாது. தொழுநோயாளிக்கு மருந்து முடிந்தாலும் மரத்துப்போன பாதம் பெரும்பாலும் அப்படியே இருக்கும்; காட்டு வேலையில் முள் ஏறினால் தெரியாது. ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டித் தறியில் உட்காருகிறவருக்கு விரல் நுனி மரத்தால் பிழைப்பே போகும். புண்ணைக் கழுவி, செருப்பைச் சரிபார்த்து, திரும்பத் திரும்ப அதே காலைப் பார்க்க ஆள் வேண்டும்.

அப்படிப் பார்த்தவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்து இங்கிலாந்தில் படித்த அவர், 1946-இல் வேலூருக்கு வந்து ஏறத்தாழ இருபது ஆண்டு தங்கினார். விரல்களை நோய் தின்பதில்லை, வலி தெரியாததால் படும் காயங்களே அவற்றைக் குறைக்கின்றன என்று காட்டினார். மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். அயல்நாட்டு மருத்துவத் தொண்டின் உச்சம் இதுதான் என்பேன். அதே கைகளை ஆண்டுக்கணக்கில் பார்த்தவருக்குக் கிடைத்த அறிவு அது.

குறுகிய வருகையின் குறைகளை நல்லெண்ணத்தைச் சொல்லி மூடிவிடக் கூடாது. மொழி தெரியாதவருக்காக வார்டு செவிலியர் கூடவே நிற்க வேண்டியிருக்கிறது; அவருடைய நோயாளிகள் காத்திருக்கிறார்கள். சொந்த நாட்டில் தொட அனுமதியில்லாத வேலையை இங்கே கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவரை எந்தக் கருணையின் பேராலும் ஏற்க முடியாது. ஏழையின் உடம்புக்கும் அதே சட்டம், அதே ஒப்புதல் வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இந்தியாவில் அரசுச் செலவில் படித்த எத்தனையோ மருத்துவர்கள் பல தலைமுறைகளாக பிரிட்டன் மருத்துவமனைகளைத் தாங்கிவருகிறார்கள். அதோடு ஒப்பிட்டால் அங்கிருந்து வரும் சில வாரத் தொண்டு மிகச் சிறியது. அதை உதவி என்று மட்டும் பேசுவது எனக்கு உறுத்துகிறது.

ஆனாலும் குறுகிய வருகையை அடியோடு தள்ளமாட்டேன். கண்புரை அறுவை ஒரே நாளில் முடியும். தேனியிலும் மருத்துவமனை நடத்தும் அரவிந்த் கண் மருத்துவ நிறுவனம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தே தன் வேலையின் பெரும்பகுதியை நடத்துகிறது. கைதேர்ந்த ஒருவர் சில வாரம் வந்து இப்படிப்பட்டவர்களுக்குப் புதிய நுட்பமொன்றைக் கற்றுக்கொடுத்தால், அவர் ஊர் திரும்பிய பிறகும் அது நோயாளிக்குப் பயன்படும்.

இன்று ஆண்டிபட்டிக்கு அருகே க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2004 முதல் எச்.ஐ.வி. மருந்தை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. வருசநாட்டு மலையடியிலிருந்து மாதாமாதம் பஸ் ஏறி மருந்துக்கு வருகிறவர் ஒரு மாதம் வராவிட்டால், வீடு தேடிப் போய் ஏனென்று கேட்கும் ஆள்தான் இப்போது தேவை. அந்த வேலைக்கு ஊர்க்காரரே பொருத்தம். ஆகவே, தொண்டுக்கு வர விமானச் சீட்டுக்குப் பணம் திரட்டும் அயல்நாட்டு நண்பர்கள் முதலில் அந்த ஊர்க்காரரின் சம்பளத்துக்குத் திரட்டட்டும். பிறகு, அவர் எதைக் கற்க விரும்புகிறார் என்று கேட்டுவிட்டுப் புறப்படட்டும்.