ஆரஞ்சுக் கூம்பு

எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காது, ஆரஞ்சுக் கூம்பைச் சின்னமாகக் கொண்ட விஎல்சி பிளேயர். பாதி மட்டும் இறங்கிய படமா, இருக்கிறவரை ஓட்டிக் காட்டும். வசனம் வாயசைப்புக்குப் பிந்துகிறதா, ‘ஜே’, ‘கே’ விசைகளைத் தட்டி நேராக்கலாம். விளம்பரமும் இல்லை, கட்டணமும் இல்லை.

1996-இல் பாரிஸ் அருகே எகோல் சென்ட்ரால் மாணவர்கள், வளாக நெட்வொர்க்கில் வீடியோ பார்க்கத் தொடங்கிய வேலை இது. 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும். பூட்டுவதற்கென்றே பெயர்போன பதிப்புரிமைச் சட்டத்தை வைத்தே கதவைத் திறந்து வைக்கும் சாமர்த்தியம் அது.

ஆப் ஸ்டோர் விதிகள் ஜிபிஎல்லுக்கு ஒவ்வாதவை என்று விஎல்சி நிரலாளர் ஒருவரே முறையிட, 2011 ஜனவரியில் ஐபோன் செயலி நீக்கப்பட்டது. கொள்கைப் பிடிப்பா, வீண் பிடிவாதமா என்று வாக்குவாதம் எழுந்தது. அதன்பின் நடந்ததைத்தான் நான் ரசிக்கிறேன்: நிரல் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தேடிப்பிடித்துச் சம்மதம் கேட்டு, உள் இயந்திரத்தைச் சற்றே தளர்வான எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாற்றினார்கள். 2013-இல் செயலி திரும்பி வந்தது. பத்து வரி எழுதியவரும் அங்கே உரிமையாளர்தான்.