தங்கலானின் கனவும் உளவியல் திறனாய்வும்

இலக்கிய, நாடக மாந்தரை உளவியல் கோட்பாடுகளின்வழி ஆராய்வது நன்கு வேரூன்றிய திறனாய்வு முறையாகும். ஹாம்லெட்டின் தயக்கத்திற்கு எர்னஸ்ட் ஜோன்ஸ் ஈடிபஸ் சிக்கலைக் காரணமாகக் காட்டினார். கோலார் தங்கவயலைக் களமாகக் கொண்ட பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ (2024) திரைப்படத்திற்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

வட ஆர்க்காட்டு உழவனான தங்கலான், பொன்னைக் காக்கும் ஆரத்தியைக் கனவிலும் நனவிலும் காண்கிறான். ஃபிராய்டிய நோக்கில் அவள் அடக்கப்பட்ட விருப்பத்தின் உரு. யுங்கிய நோக்கில் கூட்டு நனவிலியின் தொல்படிமம். இவ்விரு விளக்கங்களிலும் ஒரு குறை உண்டு. விளைச்சல் எரிந்து, நிலம் பறிபோன பின்னரே அவன் பொன்தேடிப் புறப்படுகிறான். இவ்விழப்பை விடுத்துக் கனவை மட்டும் ஆராய்ந்தால், சமூகக் கொடுமை தனிமனித நோயாகச் சுருங்கிவிடும். அடிமைப்பட்டோரின் உளச்சிக்கலுக்குச் சமூகமே காரணம் என ஃபிரான்ஸ் ஃபனான் 1952இல் வற்புறுத்தியதும் இதுபற்றியே.

தமிழ் மரபிலும் இதற்கு இடமுண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அழுகைக்கு இழவையும் வறுமையையும், வெகுளிக்குக் குடிகோளையும் நிலைக்களன்களாகச் சுட்டுகிறது. உணர்வின் காரணத்தை உள்ளத்துக்கு வெளியேயும் தேடும் பார்வை இது.

கதை நிகழ்வது 19ஆம் நூற்றாண்டில். பின்னர் நந்திதுர்க் முதலிய சுரங்கங்களில் உழைத்தோருள் பலர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட மக்களே. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது அவர்தம் வழியினர் வாழ்வாதாரத்தை மீண்டும் இழந்தனர். இவ்வரலாற்றோடு இணைத்துக் காணும்போது, ஆரத்தியை இழந்த நிலத்தின் நினைவாகக் கொள்வதே பொருத்தமுடையது எனலாம்.