விதி என்று சொல்லலாமா?

மருத்துவத்தை நாற்கூறாகப் பகுத்தார் வள்ளுவர்: நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அதை உடனிருந்து கொடுப்பவன். இந்நான்கும் ஒரு நாட்டில் நிறைவாக இருந்தும் மக்களுள் ஒரு சாரார் நலமிழந்து வாடுவாராயின் அதற்குக் காரணம் யாது? நான்கும் ஓரிடத்தில் கூடாமையே காரணம் என்று விடை பகர்ந்த கட்டுரை ஒன்று உண்டு. 1971 பிப்ரவரியில் 'லான்செட்' என்னும் ஆங்கில மருத்துவ இதழில் ஜூலியன் டியூடர் ஹார்ட் எழுதிய 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி' என்பதே அது. அரை நூற்றாண்டுக்கு மேலாக மருத்துவ ஆய்வாளர் நடுவே பேசப்பட்டுவரும் அக்கட்டுரையை, மருத்துவர் அல்லாத நாமும் ஆய்ந்து நோக்குதல் தகும்.

ஹார்ட், தெற்கு வேல்ஸின் ஆஃபன் பள்ளத்தாக்கில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்த கிளின்கோரக் என்னும் சிற்றூரில் பொது மருத்துவராகப் பணிபுரிந்தவர், பொதுவுடைமைக் கட்சி வேட்பாளராகத் தேர்தலிலும் நின்றவர், 2018இல் மறைந்தார். அவர் எழுதிய காலத்தில், கட்டணச் சுமையின்றி எவரும் மருத்துவம் பெற வழிசெய்த பிரிட்டனின் தேசிய நலச் சேவை தொடங்கி 22 ஆண்டுகள் கடந்திருந்தன. பணம் என்னும் தடை பெரிதும் நீங்கிய பின்னரும் நீங்காத ஒரு தடையையே அவர் சுட்டிக்காட்டினார்.

நல்ல மருத்துவம் மக்களின் தேவைக்கு நேர்விகிதத்தில் அன்று, எதிர்விகிதத்திலேயே அமைய முற்படுகிறது என்பது அவரது கூற்றின் சாரம். நோயும் சாவும் மிகுந்த தொழிற்பகுதிகளில் மருத்துவரின் வேலைப்பளு மிகுதி. மருத்துவமனைக் கட்டடங்கள் பழையவை. பணியாளரும் கருவிகளும் குறைவு. நலமும் வளமும் உள்ளோர் வாழும் பகுதிகளிலோ நிலைமை நேர்மாறு. மருத்துவம் எந்த அளவுக்குச் சந்தையின் கையில் விடப்படுகிறதோ, அந்த அளவுக்கு இவ்விதி வலுப்பெறும் என்றும் அவர் எழுதினார்.

கட்டுரையின் முதற் சிறப்பு, சொன்னவர் அதை வாழ்ந்தும் காட்டினார் என்பதே. நோயாளி கதவைத் தட்டட்டும் என்று ஹார்ட் காத்திருக்கவில்லை. வலி ஏதும் தராமல் உள்ளிருந்தே கொல்லும் இரத்த அழுத்தத்தை, ஊரில் எவரையும் விட்டுவிடாமல் அளந்து பார்க்க முனைந்தார். ஏறத்தாழ 25 ஆண்டு உழைப்பின் பயனை 1991இல் வெளியிட்டபோது, இத்தகைய முயற்சி இல்லாத அண்டை ஊரைவிடத் தம் ஊரில் இறப்பு விகிதம் குறைந்திருந்ததைக் காட்ட அவரால் இயன்றது. தலைகீழாய் நிற்பதை நிமிர்த்தி வைக்கலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆயினும் இக்கட்டுரையில் மூன்று இடங்களில் நாம் நின்று வினவ வேண்டியுள்ளது.

முதலாவது, 'விதி' என்னும் சொல். ஆங்கிலத்தில் அது அறிவியல் விதியை நினைவூட்டும் கூர்மையான சொல்லாட்சி. தமிழிலோ 'விதி' என்றால் சட்டமும் ஆகும், ஊழும் ஆகும். பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைத் தாயிடம், "எல்லாம் விதி அம்மா" என்று ஊரார் ஆறுதல் கூறும் சொல்லும் அதுவே. ஹார்ட் கருதியது ஊழை அன்று. மனிதர் வகுத்ததை மனிதர் மாற்றலாம் என்பதே அவர் துணிபு. ஆயினும் மொழிபெயர்ப்பில் அச்சொல் நம்மைப் பொறுப்பினின்று விடுவித்துவிடும். ஆகவே, 'தலைகீழ் ஏற்பாடு' என்பதே பொருந்தும் எனலாம். ஏற்பாடு என்றால் அதைச் செய்தவர் எவரோ இருக்கிறார் என்பது விளங்கும்.

இரண்டாவது, மருத்துவப் பங்கீட்டைச் சீர்செய்வது மட்டும் போதுமா என்பது. சர் டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழு 1980இல் அளித்த அறிக்கை, நலச் சேவை தொடங்கி 30 ஆண்டுகளுக்குப் பின்னும் வகுப்புகளிடையேயான சாவு விகித இடைவெளி குறையவில்லை என்று காட்டியது. வீடு, வருவாய், வேலை ஆகியவற்றைக் காரணங்களாகச் சுட்டியது. அரசு அதை விடுமுறை வேளையில், 260 படிகள் மட்டுமே எடுத்து வெளியிட்டது! உண்மை சிலருக்கு எவ்வளவு சுமையாகிறது பாருங்கள். எனினும் இவ்வறிக்கை ஹார்டை மறுப்பதாகாது. இழிந்த வாழ்நிலையால் நோய் மிகும் இடத்தில் மருத்துவமும் மெலியுமாயின், அது முதற் காயத்தின்மேல் இரண்டாம் காயம் அன்றோ?

மூன்றாவது, நாட்டெல்லை. ஹார்ட் தம் நாட்டையே அளவிட்டார். அவரது அளவுகோலைச் சற்றே நீட்டுவோம். உள்நாட்டு மருத்துவர் செல்லத் தயங்கிய வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பொது மருத்துவர்களாய் நின்று பணியாற்றியோருள் இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பயின்றோர் பலர். அவர்கள் உழைப்பு போற்றத்தக்கது. ஆயினும் அவர்களைப் பயிற்றுவித்த நாடுகளில் தேவை அதனினும் பெரிதாக இருந்ததே! ஓரிடத்துப் பள்ளத்தை நிரப்ப, அதைவிட ஆழமான பள்ளத்திலிருந்து மண் எடுத்த கதை இது. பிள்ளைகளைச் செவிலியராகவும் மருத்துவராகவும் கடல் கடந்து அனுப்பும் நம் குடும்பங்கள் இதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. பெறும் நாடுகள்தாம் தம் கடனை உணர வேண்டும்.

குறைகள் இவை இருப்பினும், ஹார்டின் கட்டுரை நம் கையில் ஓர் உரைகல்லைத் தந்து செல்கிறது. அரசு கட்டினாலும், தனியார் கட்டினாலும், நம் துறவு சபைகளே கட்டினாலும், புதிய மருத்துவமனை ஒன்று திறக்கப்படும்போது எத்தனை படுக்கைகள், என்னென்ன கருவிகள் என்று கேட்டு வியக்கிறோம். இனி வேறொரு வினாவையும் சேர்த்துக் கேட்போம்: நோய் மிகுந்த ஊர் எது, அங்கிருந்து இக்கட்டடம் எத்தனை கல் தொலைவு? விடை கசப்பாக இருப்பின், பழியை விதியின்மேல் போடாதிருப்போம்.