கட்டடக்கலையில் மரபும் மக்களும்: மினெற் டி சில்வா பற்றி ஒரு நோக்கு

இலங்கையின் நவீன கட்டடக்கலை என்றதும் ஜெப்ரி பாவாவின் பெயரே முதலில் நினைவுக்கு வருவது வழக்காகிவிட்டது. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா (1918 – 1998) பாவாவின் முன்னோடி என்ற அளவிலேயே பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறார். இம்மதிப்பீடு புகழுரைபோலத் தோன்றினும் அவரது தனித்தன்மையை மறைத்துவிடுகின்றது. வீட்டிற் குடியிருக்கப்போகிறவர் யார், அவர் எவ்வாறு வாழ்கிறார் என்ற வினாவே மினெற்றின் கலைக்கு அடிப்படையாகும். அவ்வினாவை அவர் எவ்வளவு தூரம் கொண்டுசென்றார், அது எங்கே நின்றுபோயிற்று என்பனவே திறனாய்வாளன் ஆராயத்தக்கவை.

மினெற்றின் தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா கண்டியின் பெயர்பெற்ற அரசியல்வாதி. தாயார் அக்னஸ், 1931ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பெண்கள் வாக்குரிமைக்காக உழைத்தவர்களுள் ஒருவர். பம்பாயிற் கட்டடக்கலை பயின்றுகொண்டிருந்த மினெற், 1942ஆம் ஆண்டின் வெள்ளையனே வெளியேறு இயக்கத்துடன் கொண்ட தொடர்பினாற் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் ஒட்டோ கோனிக்ஸ்பேர்கரிடம் பணியாற்றி, இலண்டன் சென்று கல்வியைத் தொடர்ந்தார். முல்க்ராஜ் ஆனந்துடன் சேர்ந்து 1946இல் ‘மார்க்’ சஞ்சிகையைத் தொடக்கியவர்களுள் அவரும் அவருடைய தமக்கை அனிலும் அடங்குவர். 1947இல் நவீன கட்டடக்கலைஞரின் சர்வதேச மாநாட்டிற் கலந்துகொண்டார்; லீ கொர்பூசியேயின் நட்பையும் பெற்றார். 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் இணை உறுப்பினராகிய முதல் ஆசியப் பெண்மணி அவரே.

நாடு திரும்பிய மினெற் கண்டியில் முதன்முதலாகக் கட்டியது கருணாரத்ன இல்லமாகும். மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்தாது, சரிவின் போக்கிலேயே தளங்கள் மேலும் கீழுமாக அமைக்கப்பட்டன. கொங்கிறீற்றும் கண்ணாடியும் அங்குண்டு. தும்பறை நெசவும், ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியமும் உண்டு. இவை வெறும் அலங்காரமல்ல. பேராதனை வளாகத்தை அன்றாடம் காண்போர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். சேர்லி டி அல்விஸ் வடிவமைத்த பேராதனைக் கட்டடங்களிற் கண்டிக்கால மண்டபங்களின் கூரையும் தூணும் புதிய கட்டுமானத்தின்மீது நினைவுச் சின்னங்களாக நிற்கின்றன. மினெற்றோ வடிவத்தை நகல்செய்ய விரும்பவில்லை; கைவினைஞனின் தொழிலையே கட்டடத்தினுட் கொண்டுவர விரும்பினார். கண்டி இராச்சியக் கைவினைஞர் அரசனுக்கும் விகாரைக்கும் கடமைப்பட்டுத் தொழில் செய்தனர். அந்த இராசகாரிய முறை பிரித்தானியராட்சியில் 1832ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது. புரவலரை இழந்த கலைகளுக்கு நவீன வீட்டில் அன்றாடப் பயன்பாடு காண முயன்றமையே அவரது பங்களிப்பாகும். தமது போக்கினை நவீன பிரதேசக் கட்டடக்கலை என அவர் 1950களின் தொடக்கத்திலேயே விளக்கினார். இதையொத்த கருத்தினை மேலைநாட்டு விமரிசகர் கோட்பாடாக வகுத்தது 1980களிலேதான்.

எனினும், இவ்வாறான இல்லங்களைக் கட்டுவித்தோர் வசதி படைத்த வர்க்கத்தினரே. அரசனின் இடத்தில் உயர் மத்தியதர வர்க்கம் வந்தமர்ந்தது என்று கூறுவதிலும் உண்மை இல்லாமலில்லை. இக்குறையை ஓரளவு கடந்த முயற்சி, 1958ஆம் ஆண்டளவில் கண்டிக்கு அண்மையில் உருவான வட்டப்புளுவை வீடமைப்புத் திட்டமாகும். அரசாங்க ஊழியர்க்கென ஏறத்தாழ 250 வீடுகள் அமைந்த இத்திட்டத்தில் பல இனத்தவரும் மதத்தவரும் இடம்பெற்றனர். மினெற் அவர்களிடம் வினாக்கொத்துகளைக் கொடுத்து, குடும்பத்தின் அளவையும் பழக்கவழக்கங்களையும் வருவாயையும் அறிந்து, அதன்பின்னரே வீட்டு மாதிரிகளை வகுத்தார். குடியிருப்போன் வரைபடத்தைப் பெற்றுக்கொள்பவனாக மட்டுமன்றி, அதன் ஆக்கத்திற் பங்காளியாகவும் ஆனான். மினெற்றின் படைப்புகளுள் இதனையே தலையாயதெனக் கொள்ளுதல் தகும்.

ஆனால், அதே கண்டி மலைகளில் இன்னொரு வகைக் குடியிருப்பும் இருந்தது. தோட்டத் தொழிலாளரின் லயன்களில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையொன்றிற் குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. அவர்களிடம் எவரும் வினாக்கொத்தினை நீட்டவில்லை. மினெற் இலண்டனிற் பெருமை பெற்ற அதே 1948ஆம் ஆண்டிற்றான் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று. இதனை ஒரு கட்டடக்கலைஞரின் தனிக்குற்றமாகக் கொள்வது நியாயமன்று. தோட்டக் குடியிருப்பு அவர் கைக்கு எட்டாத அதிகாரத்தின் கீழ் இருந்தது. ஆயினும், பிரதேசம் என்னும் சொல் யாரை உள்ளடக்கியது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேளாது அக்கோட்பாட்டைப் போற்றுதல் அரைகுறை விமரிசனமேயாகும்.

1975 முதல் 1979 வரை ஹொங்கொங் பல்கலைக்கழகத்திற் கற்பித்த மினெற், கண்டி கலைச் சங்கத்தின் மண்டபத்தை 1980களின் முற்பகுதியில் அமைத்தார். இலங்கைக் கட்டடக்கலைஞர் நிறுவனத்தின் தங்கப் பதக்கம் 1996இலேயே அவரை வந்தடைந்தது. ஈராண்டுகளின் பின் கண்டியிற் காலமானார். அவருடைய கட்டடங்களிற் பல இடிக்கப்பட்டும் உருமாறியும் போயின. எஞ்சியிருப்பவற்றை அளந்து வரைந்து பதிவுசெய்தல் காலங்கடத்தாது ஆற்றவேண்டிய பணியாகும். அதனோடு, வட்டப்புளுவையிற் கேட்கப்பட்ட வினாவை லயன்களிற் கேட்பதும் மினெற்றின் நெறியைப் பின்பற்றுவதேயாம்.