ஒரு குழிக்குப் பதினோரு டேங்கர்கள்

ரோலண்ட் வைட் எழுதிய 'வல்கன் 607' (2006) புத்தகத்தை முதல் தடவை ஒரே ராத்திரியில் படித்து முடித்தேன். அது ஒரு இன்ஜினியரின் வாசிப்பு. கொஞ்ச நாள் கழித்து மறுபடி எடுத்தபோது, அதே பக்கங்கள் சங்கடப்படுத்தின. ஏன் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

1982 ஏப்ரல். அர்ஜென்டினா ஃபாக்லண்ட் தீவுகளைப் பிடித்துவிட்டது. பதிலடி கொடுக்க பிரிட்டன் எடுத்த விமானங்களில் ஒன்று வல்கன். 1952இல் முதலில் பறந்தது. சோவியத் நகரங்கள்மீது அணுகுண்டு போடுவதற்காகக் கட்டப்பட்டது. போர் வந்தபோது அதை ஓய்வுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நடுவானில் எரிபொருள் வாங்கும் அமைப்பை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை. அதற்கான குழாய் முனைகளை அருங்காட்சியகத்தில் நின்ற விமானங்களிலிருந்துகூடத் தேடி எடுத்தார்கள். ஒரு பாகம் அதிகாரிகள் மெஸ்ஸில் ஆஷ்ட்ரேயாகக் கிடந்ததாகக்கூட ஒரு கதை உண்டு. பழைய சர்வரை ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பி உட்கார வைத்தவர்களுக்கு இந்த அத்தியாயங்கள் எப்படி இனிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 30 ராத்திரி அசென்ஷன் தீவிலிருந்து இரண்டு வல்கன்கள் கிளம்பின. முதல் விமானத்தின் ஜன்னல் சரியாக மூடவில்லை, திரும்பிவிட்டது. மாற்றாக வந்த மார்ட்டின் விதர்ஸின் 607 போனது. ஒரு வழிக்கே 6,000 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு எண்ணெய் கொடுக்கப் பதினோரு விக்டர் டேங்கர்கள். அவை ஒன்றுக்கொன்றும் ஊட்டிக்கொள்ள வேண்டும். கடைசி டேங்கர் தான் ஊர் திரும்பத் தேவையான எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. விதர்ஸ் ஸ்டான்லி ஓடுபாதையின் குறுக்கே 21 குண்டுகளைப் போட்டார். ஓடுபாதையில் விழுந்தது ஒன்று.

சரி, பயன் என்ன? அர்ஜென்டினாவின் ஹெர்குலிஸ் விமானங்கள் போர் முடியும்வரை அங்கே இறங்கிக்கொண்டுதான் இருந்தன.

இதை விடாமல் கேட்டவர் சீ ஹாரியர் படைப்பிரிவின் தளபதி ஷார்க்கி வார்ட். அவருடைய போர் நினைவுக் குறிப்பு வல்கன் தாக்குதலை விமானப்படையின் விளம்பரமாகவே பார்க்கிறது. அவ்வளவு எண்ணெயைக் கப்பலில் இருந்த ஹாரியர்களுக்குக் கொடுத்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்பது அவர் கணக்கு. கடற்படைக்காரரின் காழ்ப்பும் அதில் இருக்கிறது. ஆனால் கணக்கை அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியாது.

வைட் திறமைசாலி. பிரச்சினை அந்தத் திறமையில்தான் இருக்கிறது. எண்ணெய் போதுமா, போதாதா என்று பக்கத்துக்குப் பக்கம் நம்மைப் பதற வைக்கிறார். அந்தப் பதற்றத்தில் 'இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள், அப்போ பெரிய விஷயம்தான்' என்று மனசு தானாக முடிவு கட்டிவிடுகிறது. எனக்கும் நடந்திருக்கிறது. முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில், பழைய ரிப்போர்ட் புரோகிராம் ஒன்றை மூன்று ராத்திரி முழித்து ஓட வைத்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ரிப்போர்ட்டை இரண்டு வருடமாக யாருமே திறந்து பார்க்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றி இன்றைக்கும் விறுவிறுப்பாகக் கதை சொல்வேன்.

அதற்காக வார்ட் பக்கம் முழுசாகச் சாயவும் முடியவில்லை. போரில் ஆயுதத்தின் மதிப்பு குழியின் ஆழத்தில் மட்டும் இல்லை. எதிராளி எதை நம்பினான் என்பதிலும் இருக்கிறது. வல்கன் ஸ்டான்லிவரை வரும் என்றால் பியூனஸ் அயர்ஸுக்கும் வரலாம் இல்லையா? அந்தப் பயத்தில் அர்ஜென்டினா தன் போர் விமானங்களைத் தாய்நாட்டுக் காவலுக்கு நிறுத்தியது என்று ஒரு தரப்பு சொல்கிறது. இன்னொரு தரப்பு மறுக்கிறது. இந்த வழக்கைத் தீர்க்கும் சாட்சி காக்பிட்டில் கிடைக்காது. கீழே, அந்த விடியற்காலையில் நிலம் அதிர்ந்து எழுந்தவர்களிடமும், பியூனஸ் அயர்ஸில் முடிவெடுத்தவர்களிடமும்தான் இருக்கிறது. வைட் கீழேயும் எட்டிப் பார்க்கிறார்தான். ஆனால் புத்தகத்தின் மனசு மேலேயே பறக்கிறது. தன் மையக் கேள்விக்கான பதில் எங்கே இருக்கிறதோ, அங்கே அது அதிக நேரம் நிற்பதில்லை.

அந்தப் போரில் 649 அர்ஜென்டினர்களும் 255 பிரிட்டிஷாரும் மூன்று தீவுவாசிகளும் இறந்தார்கள். அர்ஜென்டினா தரப்பில் நிறையப் பேர் கட்டாய ராணுவ சேவைக்கு வந்த பையன்கள்.

'வல்கன் 607' படியுங்கள், நிச்சயமாக. கூடவே வார்டையும் படியுங்கள். முதல் புத்தகத்தில் கை தட்டத் தோன்றும் இடங்களில் ஒரு நிமிடம் நிறுத்தி, அந்த ரிப்போர்ட்டை யார் திறந்து பார்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.