ஒரு காலைப் பொழுதின் கப்பல்

1818-ம் வருஷம் இங்கிலாந்தில், யார்க்‌ஷயர் ஜில்லாவின் உள்நாட்டில் இருக்கும் பார்ன்லி ஹால் என்ற மாளிகைக்கு டர்னர் விருந்தாளியாகப் போயிருந்தார். யுத்தக் கப்பலின் பிரம்மாண்டம் தெரியும்படி ஒரு படம் எழுதித் தர வேண்டுமென்று வீட்டுக்காரர் வால்டர் பாக்ஸ் காலைச் சிற்றுண்டியின்போது கேட்டார். பகல் சாப்பாட்டுக்கு மணி அடிக்குமுன் படம் தயார். ‘சாமான் ஏற்றும் முதல்தரக் கப்பல்’ என்ற அந்த நீர்வர்ணச் சித்திரம் இப்போது பெட்போர்டில் ஹிக்கின்ஸ் காட்சிசாலையில் இருக்கிறது.

கூடவே இருந்து பார்த்தவன் பாக்ஸின் மகன். காகிதம் ஊறும்வரை வர்ணத்தைக் கொட்டி, வெறி பிடித்தவர்போல் கிழித்துச் சுரண்டினாராம். ஒரே அலங்கோலமாக இருந்ததிலிருந்து மெள்ள மெள்ளக் கப்பல் எழுந்ததாம்.

கதை ரசமானதுதான். ஆனால் எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு. தொடர்கதை அத்தியாயத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்ததாகப் பெருமையடித்துக்கொள்ளும் ஜாதியைச் சேர்ந்தவன் நான். ராத்திரி பத்து மணிக்குமுன் நடந்ததையெல்லாம் நாங்கள் சொல்வதில்லை!

படத்தைப் பாருங்கள். உயரம் பதினோரு அங்குலம், அகலம் பதினைந்தரை. இதற்குள் நூறு பீரங்கிக் கப்பலை எப்படி அடைப்பது? டர்னர் அடைக்கவே இல்லை. பாய்மரங்களைப் படத்தின் மேல் விளிம்பு வெட்டிவிடுகிறது. மீதியை நாம்தான் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். கப்பலை ஒட்டிச் சாமான் கொண்டுவந்த சிறு கலங்கள் நிற்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடும் அலை, அந்தப் பெரிய மரச்சுவரை அசைக்கக்கூட இல்லை. யானை கவளத்துக்காக நிற்கிற மாதிரி நிற்கிறது கப்பல். பீரங்கிப் புகையும் தீயும் எழுதியிருந்தால் யுத்தம்தான் தெரிந்திருக்கும். கப்பலின் அளவு தெரிந்திராது.

டிரபால்கரில் இறந்த நெல்ஸனின் சடலத்தோடு ‘விக்டரி’ கப்பல் 1805 டிசம்பரில் திரும்பியபோது, டர்னர் அதை நேரே பார்த்துப் பென்சிலால் வரைந்துகொண்டவர். பார்ன்லியில் உட்கார்ந்தபோது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அந்தக் காலைப் பொழுதுக்குப் பின்னால் பதின்மூன்று வருஷம் நின்றது.

இன்னொன்று. கொட்டினதும் கிழித்ததும் கடலுக்கும் நுரைக்கும் சரி. வரிசை வரிசையாக, தூரத்துக்குத் தக்கபடி சிறுத்துக்கொண்டே போகும் பீரங்கி ஜன்னல்களை வெறியில் எழுத முடியாது. காகிதம் காயக் காத்திருந்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாக வைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் பையன் தோட்டத்துக்குப் போய்விட்டானோ, அல்லது பார்த்துவிட்டு, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டானோ!