பேயை விட விதி முக்கியம்: சந்தானத்தின் நான்கு படங்கள்

சந்தானத்தின் பேய் நகைச்சுவை வரிசையில் நான்கு படங்கள் வந்துள்ளன. 'தில்லுக்கு துட்டு' (2016), 'தில்லுக்கு துட்டு 2' (2019) இரண்டையும் இயக்கியவர் ராம்பாலா. 'டிடி ரிட்டர்ன்ஸ்' (2023), 'டிடி நெக்ஸ்ட் லெவல்' (2025) இரண்டும் எஸ். பிரேம் ஆனந்த் இயக்கியவை. ஒரு படத்தின் கதை அடுத்ததில் தொடர்வதில்லை. சந்தானம், மொட்டை ராஜேந்திரன், பேய் குடியிருக்கும் ஒரு பங்களா ஆகியவையே தொடர்கின்றன.

ராகவா லாரன்ஸின் 'முனி' (2007), 'காஞ்சனா' (2011) படங்களில் இருட்டினாலே நடுங்கும் நாயகனைப் பார்த்துத்தான் அரங்கம் சிரித்தது. சந்தானத்தின் நாயகன் பேயையே கலாய்ப்பவன். ராம்பாலாவின் 'லொள்ளு சபா'வில் பழகிய கவுன்ட்டர் பாணி இது. எதிராளி பேசி முடிக்கும் முன்பே பதில் வந்துவிடும். பேய் மட்டும் எதிரே நின்றால் இந்தப் பாணிக்கு வேலை இல்லை. கவுன்ட்டரை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். ராஜேந்திரன் நான்கு படங்களிலும் இருப்பதன் பலன் அதுதான்.

முதல் படத்தின் பலம் இரண்டாம் பாதி. நாயகனைத் தீர்த்துக்கட்டப் போலிப் பேய்களை ஏற்பாடு செய்த வீட்டில் உண்மைப் பேய்களும் இருக்கின்றன. எது நிஜம், எது வேஷம் என்ற குழப்பமே சிரிப்பாகிறது. இரண்டாம் படத்தில், நாயகியிடம் காதல் சொல்பவரையெல்லாம் பேய் அடிக்கிறது. நல்ல முடிச்சுதான், ஆனால் ஆட்டோ ஓட்டுநரும் அவர் மாமாவும் அடிக்கும் கூத்து முடிந்து அங்கே வருவதற்குள் பாதிப் படம் போய்விடுகிறது.

விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் மண்கூழை ஊற்றிப் பொம்மை வார்ப்பார்கள். கூழின் நீரை உறிஞ்சி உறிஞ்சி அச்சு தேயும். தேய்ந்த அச்சில் வரும் பொம்மைக்கு மூக்கும் முழியும் மழுங்கிவிடும். இரண்டாம் படத்தோடு இந்த வரிசையும் அந்த நிலைக்கு வந்திருந்தது.

'டிடி ரிட்டர்ன்ஸ்' புது அச்சு. 1965-இல் புதுச்சேரி பங்களா ஒன்றில் சூதாட்டம் நடத்திய குடும்பம், இன்று பேயாகி அதே ஆட்டத்தை நடத்துகிறது. தோற்றவருக்குச் சாவு. பணப்பையைத் தேடி உள்ளே வந்த எல்லாரையும் இந்த ஒரு விதி கட்டிப்போடுகிறது. சந்தானம் கொஞ்சம் ஒதுங்கி நிற்க, ரெடின் கிங்ஸ்லி, மாறன், ராஜேந்திரன் எனக் கூட்டமே ஆடுகிறது. நான்கில் சிறந்தது இதுதான்.

'நெக்ஸ்ட் லெவல்' இன்னும் துணிந்தது. கிஸ்ஸா என்ற சினிமா விமர்சகர், செல்வராகவன் நடித்த இயக்குநர் பேயின் திரையரங்குக்குப் போய்த் திரைக்குள்ளேயே இழுக்கப்படுகிறார். அவர் குடும்பமே அங்கே வேறு பாத்திரங்களாக உலவுகிறது. காலப்பயணக் கதையின் இன்னொரு வடிவம் இது. சந்தானத்துக்கு அந்த வகையும் புதிதல்ல: 'டிக்கிலோனா'வில் (2021) ஹாக்கி ஆட்டக்காரராக முடியாமல் போன மின்வாரிய ஊழியராக, 2027-லிருந்து 2020-க்குத் தன் கல்யாணத்தைத் தடுக்கப் போனவர். அங்கே எதை மாற்றினால் எது மாறும் என்பது தெரிந்தது. 'நெக்ஸ்ட் லெவ'லிலோ திரைக்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது காட்சிக்குக் காட்சி இளகுகிறது. கௌதம் வாசுதேவ் மேனன் தன் போலீஸ் பாணியையே பகடி செய்யும் இடங்கள் ஜெயிக்கின்றன. ஆனால் கப்பல், தீவு, பங்களா என்று களம் விரிய விரியப் பதற்றம் குறைகிறது.

ஹாங்காங்கில் நடந்தது இதற்கு நேர்மாறு. தாவித் தாவி வரும் பிணங்களை வைத்து 1985-இல் வந்த 'மிஸ்டர் வாம்பயர்' பெரும் வெற்றி. மூச்சை அடக்கினால் பிணத்துக்கு ஆள் தெரியாது, நெற்றியில் மந்திரத்தாள் ஒட்டினால் அது நின்றுவிடும் என்ற விதிகள் குழந்தைக்கும் புரிந்தன. மறு வருடமே இரண்டாம் பாகம் கதையை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்தது. காலம் மாறியும் பிணங்களின் விதிகள் மாறவில்லை.

செலவு குறைந்த பேய்ப் படத்துக்குக் கிராபிக்ஸ் கைகொடுக்காது, விதிதான் கைகொடுக்கும். அடுத்த பாகம் எடுப்பவர்கள் 'டிடி ரிட்டர்ன்ஸ்' பங்களாவுக்கே திரும்ப வேண்டியதில்லை. அதன் கண்டிப்புக்குத் திரும்பினால் போதும்.